அல்ரூன் யாருடைய பறவை

பறவைகளுக்குத் தீனியாகப் போடும் கோழிக்குஞ்சுகளை முந்தின நாள் மாலையே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் காலையில் வெந்நீரில் போட்டு எடுக்கலாமா என்று தோன்றும். போடக்கூடாது. வெளியே இளகியிருக்கும், உள்ளே கல்லாக இருக்கும், பறவையின் வயிறு கெட்டுவிடும். எல்மராக் கோட்டைப் பறவைப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்ததும் கெர்னோட் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இன்று இங்கே கிளம்புவதற்கு முன்னாலும் நாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். நடந்ததை என் வார்த்தைகளில், நடந்த வரிசையிலேயே சொல்லச் சொன்னீர்கள். வரிசையாகச் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஆனால் எது முதலில் வரவேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்துவிடும். தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவரை, தலைமைப் பழக்குநர் கெர்னோட் கூண்டுக்குள் போனார், அல்ரூன் என்ற பொன்கழுகு அவரைத் தாக்கியது, அவருக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. உங்கள் ஆட்கள் வந்து பார்த்து, விபத்து என்று முடிவுசெய்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். கழுகுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு அது விபத்தாகத்தான் தெரியும். எனக்குச் சில விவரங்கள் கூடுதலாகத் தெரியும்.

என் அண்ணன் யோஸ்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்களுக்கு அம்மா ஒருத்தி, அப்பாக்கள் வேறு. அதனால் குடும்பப் பெயரும் வேறு. யோஸ்ட் எனக்கு முன்னால் அதே பூங்காவில் வேலை பார்த்தான். ஒரு விடுமுறை நாளில், பார்வையாளர் படிகள் நிரம்பியிருந்தபோது, அவன் பறக்கவிட்ட கடற்கழுகு அவன் கைக்குத் திரும்பவில்லை. முன்வரிசையில் சாசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் முகத்தில் இறங்கியது. கன்னம் கிழிந்தது. மிதமிஞ்சிப் பசித்த பறவை அப்படிச் செய்யும். அதற்காகத்தான் தினமும் காலையில் ஒவ்வொரு பறவையையும் எடை போடுகிறோம். மெலிந்திருந்தால் அன்றைக்குப் பறக்கவிடாமல் தீனி கொடுத்து உட்கார வைத்துவிடுவோம்.

அன்றைக்குப் பறவை மெலிந்திருக்கிறது என்று தான் எச்சரித்ததாக யோஸ்ட் வீட்டில் சொன்னான். கூட்டம் வந்திருக்கிறது, விடு என்று கெர்னோட் சொன்னாராம். பிறகு விசாரணையில், பையன் எடை போடவில்லை என்று சொல்லிவிட்டாராம். யோஸ்டின் உரிமம் போயிற்று. இப்போது அவன் பள்ளத்தாக்கில் ஒரு குளிர்ப்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். வேலைக்குச் சுற்றுவழியில் போகிறான். நேர்ச்சாலையில் போனால் கோட்டை கண்ணில் படும்.

அவனுக்குப் பிரியமானது போய்விட்டது. போக்கியவருக்கும் பிரியமானது ஒன்று போகவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை. அவருடைய கண்கள் என் யோசனையில் இல்லை. அப்படித்தான் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேலை கேட்டுப் போன நாளில் கெர்னோட் ஒரு பருந்தின் கால்வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பறவைங்கள பிடிக்குமா?"

"தெரியல."

"நல்லது. ரொம்பப் பிடிக்கும்னு சொல்றவன் முதல் எலிய அறுக்கச் சொன்னதும் ஓடிருவான். பேரு?"

"ஹென்னிங்."

"பூட்ஸ் இருக்கா ஹென்னிங்? இந்தச் செருப்போட வந்தா எங்க பிணந்தின்னிக் கழுகே உன்னப் பாத்துச் சிரிக்கும்."

நல்ல பூட்ஸ் ஒரு ஜோடியை அவரே கொடுத்தார். வேறு யாரோ விட்டுப்போனது. யோஸ்டுடையது என்று போட்டதுமே தெரிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே அளவு.

கெர்னோட் கெட்ட மனிதர் இல்லை என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் அதை மறுக்கவில்லை. மக்கள் அவரைப் பார்க்கத்தான் மலையேறி வந்தார்கள். உடைந்த மதிலின் மேல் நின்றுகொண்டு, "முன்வரிசையில விக் வெச்சவங்க யாராவது இருந்தா இப்பவே கழட்டி மடியில வெச்சுக்குங்க. போன வாரம் ஒருத்தரோடத ஆந்தை எடுத்துட்டுப் போய் முட்டை போட்டிருச்சு" என்பார். ஒவ்வொரு நாளும் அதே வார்த்தைகள், ஒவ்வொரு நாளும் அதே சிரிப்பு. டிக்கெட்டும் காபியும் கொடுக்கும் மெக்தில்ட் மட்டும் ஜன்னலுக்குள்ளிருந்து, "அந்த விக் யாரோடதுன்னு சொல்லுங்களேன் பாப்போம்" என்று கத்துவாள். கெர்னோட் தன் வழுக்கையைத் தடவுவார். கூட்டம் இன்னொரு முறை சிரிக்கும்.

அல்ரூன் அவருடையவள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், விளக்காவிட்டால் மற்றது புரியாது. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் அவளைக் கையில் வளர்த்தவர் அவர். அப்படி வளர்ந்த கழுகு தன்னை மனித இனமாக நினைத்துக்கொள்ளும். பருவம் வந்ததும் துணையையும் மனிதர்களிலேயே தேடும். அல்ரூன் கெர்னோட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கூரையில்லாத பெரிய கோபுரத்துக்கு மேலே வலை கட்டி, உள்ளே ஒரு கல் விளிம்பை அவளுக்கு விட்டிருந்தோம். குளிர்காலம் முடியும் தறுவாயில் அவள் அங்கே கூடு கட்டத் தொடங்குவாள். கெர்னோட் பைன் கிளைகளை ஒடித்துக்கொண்டு போவார். அவள் ஒவ்வொன்றையும் அலகால் வாங்கி, இரண்டு மூன்று முறை இடம் மாற்றி, கடைசியில் அவர் பக்கமாகத் திருப்பி வைப்பாள். அவர் இறைச்சி கொடுப்பார். அதில் ஒரு துண்டைக் கிழித்து அவள் அவர் வாயருகே நீட்டுவாள். ஆண் கழுகு செய்வதுபோல அவர் குந்தி உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, முகத்தைக் கூட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய்த் தொண்டைக்குள் மெல்லிய குரல் எழுப்புவார். அவள் பதில் கொடுப்பாள்.

கையுறை, தொப்பி, முகக்கவசம் எதுவும் அணியாமல்தான் அவர் போவார். அவற்றோடு போனால் அவளுக்கு அவரை அடையாளம் தெரியாது. மற்ற எங்களுக்கு விதி வேறு. அந்தப் பருவத்தில் துணையைத் தவிர யார் உள்ளே போனாலும் அவளுக்கு எதிரிதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரில் உள்ள சிறிய திறப்பு வழியாகத் தீனியைத் தள்ளிவிட்டு வந்துவிட வேண்டும். அந்த விதியைப் போட்டவரும் கெர்னோட்தான்.

"என் வீட்டுக்காரிகூட இவ்வளவு வருஷம் தாக்குப்பிடிக்கல" என்று ஒருமுறை காபி குடிக்கும்போது சொன்னார்.

"உங்க வீட்டுக்காரி போனதே இவளாலதானே" என்றாள் மெக்தில்ட். "எந்தப் பொம்பள பொறுத்துக்குவா? அவளுக்கு ஒரு பூ வாங்கிட்டுப் போனதில்ல. இவளுக்கு தினம் ஒரு கட்டு."

"பூ வாங்கிட்டுப் போயிருந்தா அத வெச்சு அவ கூடு கட்டியிருப்பாளா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குத்தான் எதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

முதல் வசந்தத்தில் நான் எதையும் செய்யவில்லை. கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். எந்தக் கிளையை அவள் வாங்குகிறாள், எதைத் தட்டிவிடுகிறாள், அவருடைய குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்றெல்லாம் கவனித்தேன். அந்தக் குரலைக் காட்டில் நடக்கும்போது பழகிப் பார்த்தேன். நன்றாக வந்ததா என்று நெடுநாள் சந்தேகமாக இருந்தது. பறவைகள் ஏமாறுவதில்லை என்று புத்தகங்களில் இருக்கிறது. ஏமாற்றுகிறோம் என்று நினைக்காவிட்டால் பரவாயில்லை என்று நான் கண்டுகொண்டேன். கோபுர வாசலின் கம்பிவேலிக்கு வெளியே தினமும் காலையில் அவள் கண்ணில் படும்படி உட்கார்ந்து என் ரொட்டியைத் தின்றேன். கோடையில் நிகழ்ச்சிகளுக்கு அவளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கெர்னோட்டுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. படி ஏற முடியவில்லை. கொடுப்பதில் அவருக்கு நிம்மதிதான்.

இந்த ஆண்டு குளிர்காலத்தின் கடைசியில் அவருக்கு அறுவைசிகிச்சை. அதற்குப் பிறகு நடைப்பயிற்சிக்காக ஒரு சிகிச்சை இல்லத்தில் இருக்க வேண்டும். அவள் கூடு கட்டும் பருவம் முழுக்க அவர் அங்கேதான். கிளம்பும்போது என்னைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

"இந்த வருஷம் அவ தனியாத்தான் கட்டணும். கோவிச்சுக்குவா. நீ திறப்பு வழியா போட்டாப் போதும். உள்ள போகாத தம்பி. கேக்குறியா? பாவம்னு நெனச்சு உள்ள போயிராத."

"சரி."

"முட்டை போட்டா எனக்கு ஃபோன் பண்ணு."

"பண்றேன்."

மறுநாள் நான் உள்ளே போனேன். முகக்கவசம் இல்லாமல், கையுறை இல்லாமல், ஒரு பைன் கிளையோடு. அவள் என் கையில் கீறினாள். தழும்பு இங்கே இருக்கிறது, பார்க்கலாம். அடுத்த நாளும் போனேன். இதில் வீரம் எதுவும் இல்லை. வேறு யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குப் புரியும் வரை போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் கிளையை வாங்கிக்கொண்டாள். வைத்துவிட்டு, கொஞ்சம் பின்வாங்கிப் பார்த்து, மறுபடி எடுத்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு ஒரு நாள் காடையைக் கிழித்து ஒரு துண்டை என் வாயருகே கொண்டுவந்தாள். வாங்கிக்கொள்ளாமல் இருப்பது மரியாதையல்ல. வாங்கிக்கொண்டேன்.

இரண்டு முட்டை போட்டாள். நான் கெர்னோட்டுக்கு ஃபோன் செய்தேன். "நான் இல்லாமலேவா?" என்றார் அவர். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், ஆனால் குரல் அப்படி இல்லை. அந்த நிமிடமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். துணையில்லாத கழுகு முட்டையிடுவது அபூர்வம். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர். ஆனால் தன் பறவை தன்னை நினைத்துக்கொண்டு முட்டையிட்டது என்று நம்ப அவருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தவறை வேறு தொழில்காரர் யாரும் செய்திருக்க மாட்டார். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் செய்வார்கள்.

அவர் திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. பூங்காவுக்கு விடுமுறை. மெக்தில்ட் ஆப்பிள் கேக் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் புதுக் கைத்தடியோடு காரிலிருந்து இறங்கினார்.

"முதல்ல உக்காருங்க. ஆறிப்போயிரும்" என்றாள் மெக்தில்ட்.

"கேக் காத்திருக்கும் மெக்தில்ட். நாப்பது நாளா ஒருத்தி காத்திருக்கா."

"இந்த வயசுல இவருக்கு வந்த அவசரத்தப் பாரேன். தடிய ஊணி நடங்க, இன்னொரு இடுப்புக்கு காப்பீட்டுக்காரன் காசு தரமாட்டான்."

நான் அவருடைய பச்சை மேலங்கியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். கூட்டுக்குப் போகும்போது எப்போதும் அதைத்தான் போட்டுக்கொள்வார். கோபுரத்துக்கு நடக்கும்போது என்னிடம் கேட்டார்.

"எப்படி இருக்கா?"

"உங்களத்தான் தேடுறா" என்றேன்.

சட்டப்படி பார்த்தால் நான் செய்த குற்றம் இந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கதவருகே முகக்கவசம் தொங்கியது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். மெக்தில்ட் தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள், உங்கள் ஆட்களிடமும் சொன்னாள். நீட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவரே கேட்டிருப்பார். புது இடுப்பு, நெடுநாள் பிரிவு, முட்டைகள் வேறு. எச்சரிக்கையான மனிதர்தான். நான் நீட்டியதால் கேட்க முடியாமல் போயிற்று.

"எனக்கா?" என்று சிரித்தார். "டேய், பொண்டாட்டியப் பாக்கப் போறவன் ஹெல்மெட் போட்டுட்டா போவான்?"

உள்ளே போனார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். வலித்திருக்கும். தலையைத் தாழ்த்தினார். முகத்தைக் கொண்டுபோனார். அந்தக் குரலை எழுப்பினார். அல்ரூன் அவரைத் தாண்டி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

அவர் கத்தவில்லை. அவள் பெயரைத்தான் சொன்னார். அதட்டுவதுபோல இல்லை, தூக்கத்தில் இருப்பவரை எழுப்புவதுபோல. பிறகு, "ஹென்னிங், விசில்" என்றார். பறவைகளைக் கைக்குக் கூப்பிடும் விசில் என் கழுத்தில் இருந்தது. அவர் இன்னொரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அப்போது நான் ஊதினேன். அவள் உடனே அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். வெறுங்கையில் வந்து உட்கார்ந்தாள், ஒரு நகத்தைக்கூட அழுத்தாமல். உங்கள் ஆட்கள் இதைக் கவனித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கூட்டில் இருக்கும் கழுகு துணையைத் தவிர வேறு யார் கைக்கும் வராது.

இங்கே ஒன்றை விட்டுவிட்டேன். வரிசைப்படி இது முட்டைகளுக்குப் பிறகு, அவர் திரும்புவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அவள் அவரை மறந்துவிட்டாளா என்று எனக்கு நிச்சயமில்லை. என் வேலையில் எப்போதும் எனக்கு நிச்சயம் போதாது. அதனால் ஒரு கோணிப்பையில் வைக்கோல் அடைத்து, அதற்கு அவருடைய பச்சை மேலங்கியைப் போட்டு, ஒரு கழியில் கட்டி, கீழ்க்கதவு வழியாகக் கூட்டை நோக்கி நகர்த்திப் பார்த்தேன். குந்திய உயரத்தில், தலை தாழ்ந்தபடி. முதலில் அவள் சிறகைச் சிலிர்த்ததோடு சரி. அவள் அதை விரட்டியபோதெல்லாம் நான் உள்ளே போய் அவளுக்குப் பிடித்த காடையைக் கொடுத்தேன். பிறகு தீனியைக் கையால் கொடுப்பதை விட்டேன். பையில் இரண்டு கீறல் போட்டு அதற்குள் இறைச்சியைச் செருகி வைத்தேன். எந்த இடத்தில் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. அவள் புத்திசாலி. சீக்கிரமே மேலங்கியைக் கண்டதும் வேறெங்கும் தொடாமல் அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் போகக் கற்றுக்கொண்டாள். கோணிப்பை அகழியில் கிடக்கிறது, உணவகத்துக்குப் பின்புறம். தேடினால் கிடைக்கும்.

அவருடைய கண்கள் என் யோசனையில் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் வரிசை மாறிவிட்டது. இது அறுவைசிகிச்சைக்கும் முன்னால் வரவேண்டியது. கிறிஸ்துமஸுக்கு யோஸ்ட் அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தோம். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். அவன் மண்வாரியைக் கீழே வைத்தான்.

"கெர்னோட்கிட்டயா?"

"உனக்காகத்தான். அவரு செஞ்சதுக்கு…"

"அவரு ஒண்ணும் செய்யல ஹென்னிங்." நெடுநேரம் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நான் எடை போடல. முந்தின ராத்திரி குடிச்சது தெளியல. எடை நேத்து இருந்த மாதிரிதான் இருக்கும்னு பறக்கவிட்டுட்டேன். அந்தப் புள்ள முகம்… அம்மா மூஞ்சியப் பாத்து நெசத்தச் சொல்ல முடியல. அதான் அவரு மேல போட்டேன்."

"அவரு விசாரணையில உன்னக் காட்டிக்கொடுத்தாரே."

"எடை போடலன்னுதான் சொன்னாரு. அது நெசம்தானே. குடிச்சிருந்தேன்னு அவருக்குத் தெரியும்டா. அதச் சொல்லியிருந்தா நான் ஜெயில்ல இருந்திருப்பேன். யார்கிட்டயும் சொல்லல அவரு."

பிறகு, "வேலைய விட்டுட்டு வந்துரு" என்றான். "இல்லாட்டி அங்கேயே ஒழுங்கா வேலையப் பாரு. எனக்காக எதுவும் வேண்டாம்."

நான் யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன். மறுநாள் காலையில் வேலிக்கு வெளியே உட்கார்ந்தபோது அல்ரூன் கோபுரத்து உச்சிக் கம்பத்திலிருந்து இறங்கி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் அப்படி வந்ததே இல்லை. தொடங்கிவிட்ட வேலையைப் பாதியில் விடுவது சரியாகாது என்று எனக்குத் தோன்றியது. தவிர, அண்ணன்கள் தம்பியைக் காப்பாற்றுவதற்காக இப்படியெல்லாம் சொல்வதுண்டு. அவன் குடிப்பதை நான் பார்த்ததில்லை. ஒருமுறையோ இருமுறையோ பார்த்திருக்கலாம்.

இப்போது நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது சரியான சொல்லா என்று தெரியவில்லை.

நேற்று கெர்னோட்டைப் பார்க்கப் போனேன். மூக்குவரை முகம் முழுக்கக் கட்டு. என் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன்.

"நீ விசில் ஊதலன்னா நான் இல்ல தம்பி" என்றார்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"தடிதான் காரணம். யோசிச்சுப் பாத்தேன். புதுத் தடிய உள்ள எடுத்துட்டுப் போனேன் பாரு, கிழட்டு முட்டாள். அதப் பாத்துப் பயந்துட்டா. அவ மேல தப்பே இல்ல."

பூங்கா நிர்வாகம் அவளை ஊசி போட்டுக் கொன்றுவிட நினைத்ததாம். கட்டிலில் படுத்தபடியே அவர் ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுத் தடுத்திருக்கிறார். தன் வீட்டுத் தோட்டத்தில் கூண்டு கட்டி அவளை வைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டார். அதைச் சொல்லும்போது கட்டுக்குக் கீழே வாய் சிரித்தது.

"கண்ணு போனா என்ன? அவ குரல் எனக்குப் போதும். பக்கத்துல உக்காந்துக்குவேன். மெக்தில்ட் கேக் கொண்டு வருவா, ரெண்டு பேரும் சேந்து என்னத் திட்டுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெசத்தச் சொல்லு. என்னத் தேடுறாளா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தேன். அவரிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கண்களை எடுத்தேன், அவர் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. அவள் இன்னும் தன்னுடையவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவளும் அவருடைய வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பாள், நான் கொண்டுபோன கிளைகளில் கட்டிய கூட்டைவிட்டு. அவருக்குத் தெரியாதவரை இது எல்லாம் விபத்துதான். நீங்கள் எழுதியது சரியாகிவிடும்.

அதனால்தான் வந்தேன். நீங்கள் என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தை அரசு வழக்கறிஞருக்கு அனுப்புவதற்கு முன்னால் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவரால் வாசிக்க முடியாது அல்லவா. அவசரப்படாமல் வாசிக்கச் சொல்லுங்கள். கிளையை அவள் என் பக்கமாகத் திருப்பி வைத்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கு அதன் பொருள் தெரியும்.

யோஸ்டைப் பற்றி வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கலாம். அவை இல்லாமலும் எல்லாம் புரியும்.